நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே

1

ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு மெல்பர்னுக்குத் திரும்பியபோது தபால் பெட்டியில் எட்டு உறைகள் கிடந்தன. ஏழு விளம்பரம். எட்டாவது அரசாங்கக் கடிதம்: உங்கள் அட்டை காலாவதியாகிறது, புதுப்பிக்கவும். இந்த நாட்டில் பிள்ளைகள் வந்துபோகிற இடத்தில் சம்பளமில்லாமல் ஊழியம் செய்வதாக இருந்தாலும் ஓர் அட்டை வேண்டும். போலீஸ் நம் பெயரைத் தேடிப் பார்த்து, ஆள் வில்லங்கமில்லை என்று சொன்ன பிறகுதான் கொடுப்பார்கள். அதன் ஆயுள் ஐந்து வருடம். ஆக, ஒரு தேவாலயத்தின் ஞாயிறு ஆராதனைக்கு மேடை விளக்கு போடுகிறவளாக நான் உட்கார்ந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. அந்தக் கடிதம் வராவிட்டால் எனக்கு அது நினைவே வந்திருக்காது.

முதல் தடவை இந்த அட்டைக்கு விண்ணப்பித்தபோது பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். என் பாஸ்போர்ட்டில் எது என் பெயர், எது அப்பா பெயர் என்று எந்த அலுவலகத்துக்கும் புரிவதில்லை. "உங்கள் குடும்பப் பெயர்?" என்று கேட்பார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? காமயகவுண்டன்பட்டியில் ச. அமலி என்றால் தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்து கடிதம் போடுவார். இங்கே மூன்று படிவம், இரண்டு சத்தியப் பத்திரம், நாலு மணி நேரத் தொலைபேசிக் காத்திருப்பு எல்லாம் கழிந்து, கடைசியில் அட்டையில் பெரிய எழுத்தில் வந்தது எங்கப்பா பெயர். அதைப் பார்த்துத் தேவாலயத்திலும் அப்படியே அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் என்னை எல்லோரும் "குட் மார்னிங் சவரிமுத்து" என்றார்கள். அப்பா தன் வாழ்நாளில் குமுளியைத் தாண்டியதில்லை. செத்துப் பத்து வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கு வணக்கம் கிடைத்தது. திருத்தச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

2

நான் அங்கே போனது பக்தியால் அல்ல, வேவு பார்க்க. மகள் ஜெனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளித் தோழியோடு சேர்ந்து அந்தத் தேவாலயத்தின் பாட்டுக் குழுவுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். சனிக்கிழமை சாயங்காலம் பூசைக்கு அடம்பிடித்து வருகிற பிள்ளை, ஞாயிறு காலையில் தானே எழுந்து தலைசீவிக் கிளம்புகிறாள் என்றால் பெற்றவளுக்குச் சந்தேகம் வராதா? பின்னாலேயே போனேன்.

அது ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்கு. உள்ளே நுழைந்தால் கறுப்புத் திரை, மேடை, டிரம்ஸ், கிடார், லேசான புகை, நீலமும் ஊதாவுமாக வெளிச்சம். இதென்ன கோயிலா கூத்து மேடையா என்று வாயைப் பிளந்துகொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு மேசை. அதில் பொத்தான்களும் திரையுமாக ஒரு பெரிய பலகை. அதன் முன்னால் குட்டையாக முடிவெட்டிய, அறுபதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரி. அவள்தான் ஹெலன்.

மேடையின் இடது ஓரத்தில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஹெலன் பலகையில் எதை எதையோ அழுத்திப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. திரும்பி, "அது பலகையில் கோளாறில்லை, ஒயர் முனை தளர்ந்திருக்கும்" என்றேன். ஆராதனை முடிந்ததும் ஏணி போட்டுப் பார்த்தார்கள். தளர்ந்துதான் இருந்தது. ஹெலன் என்னிடம் வந்து கேட்ட முதல் கேள்வி, "நீ எலக்ட்ரீசியனா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல? உத்தமபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் வந்து மூன்று வருடம் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள் நான். வகுப்பில் இரண்டே பெண்கள். முடித்துவிட்டு வேலைக்குப் போன இடத்தில் முதலாளி கேட்டார், "ஏணி மேல ஏறுவியா ஆத்தா? சேலையக் கட்டிக்கிட்டு எப்பிடி ஏறுவ?" அதோடு சரி. கம்பத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர்க் கடையில் போன் எடுக்கிற வேலை கிடைத்தது. மோட்டார்க் காயிலுக்குக் கம்பி சுற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக் கூடாது. இங்கே வந்து சான்றிதழை மதிப்பிட அனுப்பினால், ஏழு மாதம் கழித்துப் பாடத்திட்டத்தின் நகலைக் கல்லூரி முத்திரையோடு அனுப்பச் சொன்னார்கள். கல்லூரியில் அந்த வருடத்துப் பாடத்திட்டம் இல்லை என்றார்கள். நான் முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கப் போய்விட்டேன். என் கணவர் சகாயம் அதே இல்லத்தில் நர்ஸ்.

இதையெல்லாம் என் ஓட்டை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது, ஹெலன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்கார்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், பதினாறு வருடத்தில் ஒரு மின்பலகை முன்னால் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

3

வேலை என்னவென்று ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஞாயிறு பாடப்போகிற பாட்டுகள் வியாழக்கிழமையே வந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த வரியில் எந்த விளக்கு, என்ன நிறம், எத்தனை நொடியில் ஏற வேண்டும், எத்தனை நொடியில் இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பலகையில் பதிந்து வைப்பேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண். அதற்கு க்யூ என்று பெயர். ஓர் ஆராதனைக்கு ஐம்பது, அறுபது க்யூ வரும். ஞாயிறன்று பாட்டைக் கவனித்துக்கொண்டே, அந்தந்த இடத்தில் 'கோ' என்ற ஒரே பொத்தானைத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு எண் நகரும். சமைப்பது வெள்ளி, பரிமாறுவது ஞாயிறு.

ஆரம்பத்தில் பேச்சில்தான் இடறினேன். காதில் மாட்டிய ஹெட்செட்டில் ஹெலன் "ஸ்டாண்ட் பை" என்பாள். தயாராக இரு என்று அர்த்தம். நான் முதல் நாள் பவ்வியமாக எழுந்து நின்றேன். அவள் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, என்னை அவமானப்படுத்தக் கூடாதென்று தானும் எழுந்து நின்றாள். இரண்டு பேரும் ஒரு பாட்டு முழுக்க நின்றோம். அதுகூடப் பரவாயில்லை. கூடத்து விளக்குகளை நிறுத்தச் சொல்ல அவள் "கில்" என்ற வார்த்தையைத்தான் சொல்வாள். விளக்கைக் கொல்! எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். எங்கள் வீட்டில் விளக்கை அணை என்றுகூடச் சொல்லக் கூடாது. "லைட்ட அமத்து" என்போம். இப்போதும் அவள் "கில்" என்றால் நான் மனசுக்குள் "அமத்து" என்று திருத்திக்கொண்டுதான் பொத்தானைத் தட்டுகிறேன்.

என் நிறங்களைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு. பலகையில் தயாராக இருக்கிற ஊதா எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் சிவப்பைக் கூட்டி, வெள்ளையைத் துளி கலந்து நானே ஒன்று செய்து வைத்திருக்கிறேன். பன்னீர் திராட்சைக் குலையைப் பறித்து, மேலே இருக்கிற சாம்பலைக் கட்டைவிரலால் துடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். ஹெலன் அதற்கு 'அமலி பர்ப்பிள்' என்று பெயர் வைத்துப் பலகையில் சேமித்திருக்கிறாள். டிப்ளமோவை ஒத்துக்கொள்ளாத நாட்டில் ஒரு நிறத்துக்கு என் பெயர் இருக்கிறது. போதும் எனக்கு.

4

ஊரில் அண்ணனுக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. அண்ணன் அருளப்பன் திராட்சைத் தோட்டக்காரர். போனிலும் எதையும் நேராகக் கேட்பார்.

"ஏத்தா அமலி, வேதம் மாறிட்டியா?"

"இல்லண்ணே. சனிக்கெழம சாயங்காலம் நம்ம பூசைக்குப் போயிர்றோம். ஞாயித்துக்கெழம அங்கன லைட்டு போடப் போறேன்."

"லைட்டு போடவா? கோயில்ல லைட்டு போட ஒரு ஆளா? அங்கன சுவிட்சு இல்லையா?"

பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. "சும்மா இருங்க. அவ படிச்ச படிப்புக்கு ஒரு வேல கெடச்சிருக்கு. எந்தக் கோயிலா இருந்தா என்ன, எரியறது கரண்டுதேன?"

லூர்து மதினிக்கு என் மேல் எப்போதும் ஒரு சாய்வு. ஆராதனை இணையத்தில் நேரலையாக வரும் என்று சொன்னதிலிருந்து அவர் தவறவிட்டதில்லை. இங்கே குளிர்கால ஞாயிறு காலை பத்து மணி என்றால் அங்கே ஐந்தரை. தோட்டத்துக்குக் கிளம்புமுன் கைபேசியை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு, புரியாத ஆங்கிலப் பாட்டை முழுக்கப் பார்ப்பார். பிறகு போன் செய்து, "மூணாவது பாட்டுக்கு மஞ்சப் போட்டியே, அது நல்லா இருந்துச்சு. பிரசங்கத்துலதேன் அந்தாளு மொகத்துல கொஞ்சம் வெளிச்சம் பத்தல" என்பார். பாஸ்டரே அத்தனை நுணுக்கமாகப் பார்க்க மாட்டார்.

ஜெனிக்கு அத்தையிடம் பேச ஆசைதான். பேசத்தான் தமிழ் வராது. நாலு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதையும் பிறகு "ம்"ஆகக் குறைத்துக்கொண்டாள். அத்தை தொலைபேசியில் வந்தால் "ஹாய் அத்தை" என்று கையசைத்துவிட்டு ஓடிவிடுவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எதை எதைக் கொடுக்க வேண்டும் என்று யோசிக்கிற நேரத்தில் நான் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

5

போன வருடக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டுப் பட்டியலில் ஜெனியின் பெயர் தனியாக வந்திருந்தது. பதினாறு வயதில் முதல் தனிப்பாட்டு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அந்தப் பாட்டு ஒன்றுக்கு மட்டும் விளக்கு பதிந்தேன். முந்தைய பாட்டு முடிந்ததும் முழு இருட்டு. க்யூ நாற்பத்தொன்று: மேடையின் பின்னாலிருந்து மெல்ல வெளிச்சம் ஏறும், அவள் உருவம் நிழலாகத் தெரியும். அவள் வாயைத் திறக்கிற அதே கணம் க்யூ நாற்பத்திரண்டு: முகத்தில் விளக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளிகூடக் கிடையாது. ஒத்திகையில் நாலு தடவை பார்த்தோம். அச்சுப் பிசகாமல் வந்தது.

மதினிக்குச் சொல்லியிருந்தேன். அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார். ஞாயிறு விடியலில் அங்கே வீடு நிறைய ஆள்.

முந்தைய பாட்டு முடிந்தது. இருட்டு. ஒத்திகையின்போது கூடத்தில் வேலை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. இது அசல் இருட்டு. என் விரல்கூட எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொன்றைத் தட்டினேன். மேடையின் பின்னாலிருந்து வெளிச்சம் மெல்ல ஏறியது. என் மகளின் தோள், தலைமுடி.

என் இரண்டு கைகளும் பலகையை விட்டு எழுந்து நெஞ்சுக்கு நேராகக் குவிந்துவிட்டன. வாய், "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றது.

எங்கள் வீடுகளில் இது பழக்கம். சாயங்காலம் விளக்கு எரிந்த கணத்தில் எல்லோரும் செய்கிறதை விட்டுவிட்டுக் கை கூப்பி ஒருவருக்கொருவர் தோத்திரம் சொல்வோம். பக்கத்து வீட்டு இந்துக்களும் வார்த்தை வேறாக அதையே செய்வார்கள். நான் வளர்ந்த காலத்தில் மின்வெட்டு அதிகம். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கரண்ட் போய் வரும். ஏழெட்டுத் தடவையும் தோத்திரம். அது பக்தி என்றுகூடச் சொல்ல மாட்டேன். தும்மல் வருவதுபோல வரும். நாலு வருடமாக இந்தப் பலகை முன்னாலும் அதைச் செய்திருக்கிறேன் போலிருக்கிறது. ஆனால் மற்றப் பாட்டுகளில் இருட்டுக்குப் பிறகு நீளமாக இசை வரும். அடுத்த பொத்தானுக்கு அவசரம் இருக்காது. அதனால் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஜெனி பாட ஆரம்பித்துவிட்டாள். முகம் இருட்டு. "அமலி, நாற்பத்திரண்டு" என்றது ஹெட்செட். "அமலி, நாற்பத்திரண்டு!" பதறிப்போய்த் தட்டினேன். பதற்றத்தில் இரண்டு தட்டு. நாற்பத்திரண்டைத் தாண்டி நாற்பத்துமூன்றுக்குப் போய்விட்டது. அது அடுத்த பாட்டின் சிவப்பு. முதல் ஒன்றரை வரி என் மகள் முகமில்லாமல் பாடினாள். அடுத்த வரியைக் கசாப்புக் கடை வெளிச்சத்தில் பாடினாள். நான் சரிசெய்வதற்குள் முதல் சரணம் முடிந்திருந்தது. அவள் நிறுத்தவில்லை, சுருதி விலகவில்லை. ஆனால் கண் மட்டும் என் மேசைப் பக்கமே இருந்தது.

வெளியே வந்ததும் மதினியின் அழைப்பு. "பாட்டு நல்லாத்தேன் இருந்துச்சு ஆத்தா. புள்ள மொகத்தத்தேன் காணோம்."

6

 வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போதுதான் ஜெனி கேட்டாள். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, நீ போன் பார்த்துட்டு இருந்தியா?"

"இல்ல."

"தூங்கிட்டியா?"

"இல்லம்மா."

"அப்ப என்ன செஞ்சே?"

 சொன்னால் அவள் கேட்கப்போகிற அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். இந்த வீட்டில் ஆள் நுழைந்தால் விளக்கு தானே எரிகிறது. கோடையில் ஒன்பது மணி வரை இருட்டுவதே இல்லை. பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் யாரும் யாருக்கும் தோத்திரம் சொன்னதில்லை. அவளுக்கு அதை நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று அவள் முகத்தை மறைத்தது என்று எப்படிச் சொல்வேன்? 

"ஒண்ணு நீ அந்த மேசையில இரு, இல்லன்னா நான் மேடையில இருக்கேன். ரெண்டு பேரும் வேணாம்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை ஹெலனைப் பார்த்து, விலகிக்கொள்கிறேன் என்றேன். பிள்ளையா பலகையா என்றால் பிள்ளைதானே. ஆனால் அந்த நாற்காலியை விட்டால் எனக்குப் படுக்கை விரிப்புகள்தான் மிச்சம்.

ஹெலன் கேட்டாள், "நீ கை கூப்பியதைப் பார்த்தேன். ஜெபம் பண்ணினாயா?"

"ஜெபம் இல்லை. வெளிச்சம் வந்தது, அதனால்."

தட்டுத்தடுமாறி விளக்கினேன். விளக்கு எரிந்தால் நன்றி சொல்வோம் என்றேன். ஒவ்வொரு தடவையுமா என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கைபேசியை எடுத்து, நொடி எண்ணுகிற கடிகாரத்தைத் திறந்தாள்.

"ஒரு தடவை செய்து காட்டு."

செய்தேன். கை குவிந்து, வார்த்தை முடிந்து, கை இறங்கியது.

"இரண்டரை நொடி" என்றாள். "இதற்கா வேலையை விடுகிறாய்? நாற்பத்திரண்டு தானாக வருகிற மாதிரி இரண்டரை நொடி போட்டுவிட்டால் முடிந்தது."

முடியவில்லை. வாயைத் திறக்கிற கணமே முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்றால், இரண்டரை நொடி பாட்டு காத்திருக்க வேண்டும். பாட்டு ஜெனியுடையது. காத்திரு என்று சொல்ல வேண்டியவள் அவள். அவளோ என்னோடு பேசுவதே இல்லை.

7

அந்த வாரம் முழுக்க வீட்டில் தட்டு சத்தம் மட்டும்தான். புதன்கிழமை சாயங்காலம், ஆறு மணிக்கே இருட்டிவிட்ட நேரம், சகாயத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜெனி சாப்பாட்டு மேசையில் காதில் மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். சகாயம் பேச்சுக் குறைந்த மனிதர். கேட்டு முடித்தார். எழுந்து வெளியே போய், வாசலை ஒட்டிய பெட்டியைத் திறந்து, வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

வீடு கும்மிருட்டு. "வைஃபை!" என்று அலறினாள் ஜெனி. அதுதான் அந்த வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

சகாயம் சுவிட்சை ஏற்றினார். வெளிச்சம் வந்தது. நான் அடுப்படியில் கை கூப்பியபடி நின்றேன். வாசலில், ஒரு கையில் இன்னும் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி, மறுகையை நெஞ்சில் வைத்துச் சகாயம் நின்றார். இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தை. பன்னிரண்டு வருடம் கழித்து. எங்களுக்கே ஆச்சரியம்.

ஜெனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப என்ன செஞ்சீங்க?"

"இதத்தான் செஞ்சேன்" என்றேன். "அன்னைக்கு. வேற ஒண்ணுமில்ல."

 அப்பாவிடம் திரும்பி, "இன்னொரு தடவை ஆஃப் பண்ணுங்க" என்றாள். பண்ணினார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எங்களை ஏமாற்றப் பார்த்தாள். சுவிட்சைத் தானே போய் ஏற்றினாள். நேரம் மாற்றி ஏற்றினாள். ஐந்து தடவையும் எங்கள் கை எழுந்தது. கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "டாக்டர் முட்டியில தட்டுற மாதிரி இருக்கு" என்றாள்.

சிரிப்பு அடங்கியதும் நான் பயந்த கேள்வி வந்தது. "எனக்கு ஏன் சொல்லிக் குடுக்கல?"

சாக்குச் சொல்லத் தோன்றவில்லை. "மறந்துட்டேன். இங்க சுவிட்சே போட வேண்டியதில்ல. நீ பெரியவளானதக்கூட நான் வேல முடிஞ்சு வந்துதான் பாத்தேன். தப்பு என் மேலதான்" என்றேன். அழுதேன். சகாயம் மெயின் பெட்டியை மூடுகிற சாக்கில் மறுபடியும் வெளியே போய்விட்டார்.

அவள் என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. மேசையை விரலால் தட்டிக்கொண்டு யோசித்தாள். "எவ்வளவு நேரம் ஆகுது அதுக்கு?"

"ஹெலன் கணக்குப்படி ரெண்டரை நொடி."

விரலால் தாளம் போட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "அந்தப் பாட்டோட வேகத்துக்கு அது சரியா நாலு தட்டு. டிரம்ஸ்காரன்கிட்ட நாலு தட்டு கூட வாசிக்கச் சொல்லிடறேன். நான் காத்திருக்கேன்."

அவ்வளவுதான். என் வேலையும் என் பிள்ளையும் நாலு தட்டில் திரும்பக் கிடைத்தார்கள்.

அடுத்த மாதம் அதே பாட்டு மறுபடி வந்தது. வெள்ளிக்கிழமை நான் போவதற்கு முன்பே ஜெனி ஹெலனோடு உட்கார்ந்து பலகையில் அந்த நேரத்தைப் பதிந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு க்யூவுக்கும் பக்கத்தில் அது எதற்கு என்று ஒரு குறிப்பு எழுதுவோம். 'பின் விளக்கு', 'முகம்', 'சிவப்பு' இப்படி. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே இருந்த இரண்டரை நொடிக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று இருந்தது.

8

அண்ணன் கட்டிய புது வீட்டுக்குப் பாதிரியார் வந்து செய்கிற மந்திரிப்புக்காகத்தான் போன மாதம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கூடலூர் வரைக்கும் நாற்றங்கால் பச்சை. புது வீட்டில் அண்ணன் பெருமையாக எனக்குக் காட்டிய முதல் பொருள் மாடிப்படியில் தானே எரிகிற விளக்கு. மதினிக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை.

"பல்லி ஓடுனாக்கூட எரியுது ஆத்தா. நானும் எந்திரிச்சு எந்திரிச்சுத் தோத்திரம் சொல்லிக்கிட்டே கெடக்கேன்."

"ஒங்களுக்கு வசதி செஞ்சாலும் கொற" என்றார் அண்ணன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். டம்ளரில் சாய்ந்த கைபேசி. அன்றைக்கு என் நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். அவருக்குத் தமிழும் தெரியாது, தோத்திரமும் தெரியாது. பட்டியலில் இருக்கிற எண்ணைத் தட்டுவார், அவ்வளவுதான். ஜெனியின் பாட்டு வந்தது. திரை கறுத்தது. பிறகு பின்னாலிருந்து வெளிச்சம் மெல்ல ஏறியது. என் திராட்சை ஊதா.

மூன்று பேர் கையும் ஒன்றாக எழுந்தது. மூன்று வாயும் ஒன்றாகச் சொன்னது.

ஜெனி நிழலாக நின்றுகொண்டிருந்தாள். கை கூப்பவில்லை. டிரம்ஸ் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள்.

"எதுக்குப் பாடாம நிக்கிது புள்ள?" என்றார் அண்ணன்.

"ஆத்தா கும்புட்டு முடிக்கட்டும்னு நிக்கிது" என்றார் மதினி.

"ஆத்தாதேன் இங்கன இருக்காளே?"

 அதற்குள் ஜெனியின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.